கருமுட்டை தானம்: பெற்றவரும் கொடுத்தவரும்

சினைப்பையில் எவ்வளவு முட்டை மிச்சம் என்று காட்டும் ஏஎம்ஹெச் ஹார்மோன் மிகக் குறைவு என்று ரிப்போர்ட் வந்தபோது எனக்கு 40 வயதுகூட ஆகவில்லை. ஏறக்குறைய 100 பெண்களில் ஒருவருக்கு அந்த வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. கருப்பையில் குறை இல்லை, டோனர் முட்டை, அதாவது வேறொரு பெண் தானமாகக் கொடுக்கும் முட்டை என்றால் வாய்ப்பு நன்றாக இருக்கும் என்றார் டாக்டர். கரு நிற்பதில் சுமப்பவளின் வயதைவிட முட்டை கொடுப்பவளின் வயதுதான் முக்கியம்.

இதெல்லாம் சீக்கிரம் புரிந்தது. மனசுக்குத்தான் நாளானது. என் அம்மாவின் கண்ணும் பாட்டியின் நெற்றியும் என்னோடு முடிந்துவிடும் என்பது எனக்கு ஒரு சாவாகவே இருந்தது. நன்றாக அழுதேன். குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லுங்கள். விந்து கணவருடையது என்பதால் அவருக்கு இந்த இழப்பு இல்லை; என் அழுகை அவருக்கு விளங்கவே காலம் பிடித்தது. கவுன்சலிங்குக்கு இரண்டு பேருமாகப் போனது அதற்குத்தான் உதவியது.

சிகிச்சையில் என் பங்கு குறைவு. கருப்பையின் உள்சவ்வை வளர்க்க எஸ்ட்ராடியால் மாத்திரை, அது 7 மில்லிமீட்டருக்கு மேல் வந்ததா என்று ஸ்கேன், பிறகு கருவை ஏற்க அதைத் தயாராக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன், ஐந்து நாள் வளர்ந்த கருவை உள்ளே வைப்பது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: டோனர் முட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து அதிகம். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் டோனர் முட்டை என்பதை மறைக்காதீர்கள்.

பிள்ளையிடமும் மறைக்கவில்லை. பேச்சு வரும் முன்பே, அம்மாவிடம் முட்டை இல்லை, ஒருவர் அன்பாகக் கொடுத்தார் என்று கதையாகச் சொல்லத் தொடங்கினேன். வீட்டிலிருந்தே டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளும் காலத்தில் இந்த ரகசியம் எத்தனை நாள் தாங்கும்? நாளை ஒரு டாக்டர் பரம்பரை நோய் பற்றிக் கேட்டால், என் குடும்பத்து நோய்களை என் மகள் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

*

அக்கா, நான் முட்டை தானம் கொடுத்தவள். உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முட்டை தீர்ந்துபோகாதா என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். தீராது. மாதந்தோறும் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கி, பொதுவாக ஒன்றைத் தவிர மற்றவை வாடிப்போகும். ஊசி மருந்து அப்படி வாடப்போகிறவற்றைத்தான் வளர்த்தெடுக்கிறது. பெரும்பாலும் 8 முதல் 14 நாள் ஊசி, நடுநடுவே ஸ்கேன். கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில், மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக மெல்லிய ஊசியால் எடுக்கிறார்கள்.

வயிறு உப்பிக் கனத்தது, சில நாளில் அடங்கிவிட்டது. எல்லோருக்கும் அப்படியே அடங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். எடை மளமளவென்று ஏறினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் முட்டையில் பிறக்கும் குழந்தை என் பிள்ளை என்று எனக்குத் தோன்றியதில்லை. நலமாக இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது நினைப்பேன். நீங்கள் மகளிடம் சொல்லி வளர்ப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம், கொடுக்க நினைக்கும் பெண்களுக்கு: சிகிச்சை பெறும் தம்பதியைப் பார்க்கிற டாக்டரே உங்களையும் பார்த்தால், கையெழுத்துப் போடும் முன் வெளியே வேறொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் சிக்கல் வந்தால் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.