தேங்காய் எண்ணெயா, கடை ஜெல்லா? பின்வழி உறவுக்கு எது?

வெண்ணாற்றுக்காரன்
மன்னார்குடிப் பக்கம். நானும் என் துணையும் ரெண்டு பேருமே ஆண்கள், முப்பதைத் தாண்டினவங்க. பின்வழி உறவுக்கு இதுவரை வீட்டுல இருக்கிற செக்குத் தேங்காய் எண்ணெய்தான், கூடவே ஆணுறையும் உண்டு. நேத்து ராத்திரி உறை கிழிஞ்சுபோச்சு. உறை மட்டமான சரக்குன்னு அவர் சொல்றார். எண்ணெய் மேலதான் எனக்குச் சந்தேகம். மெடிக்கல்ல போய் எதைக் கேட்கணும்? கிண்டல் பண்ற ஆளுங்க தயவுசெஞ்சு ஒதுங்கிக்குங்க.

பட்டுக்கோட்டையான்
எண்ணெயைக் குத்தம் சொல்லாதீங்க தம்பி. 2018 நவம்பர்ல கஜா அடிச்சு பேராவூரணி வரைக்கும் தோப்பெல்லாம் மல்லாந்து கிடந்தப்பக்கூட எங்க வீட்டுல எண்ணெய் இல்லாம இருந்ததில்லை. பச்சைக் குழந்தைக்கே தேய்க்கிறோம். பேரே வாயில நுழையாத கெமிக்கலை உள்ளுக்குள்ள தடவுறதை விட இது ஆயிரம் மடங்கு மேல். சீக்கிரம் காயவும் காயாது. உறை கிழிஞ்சா உறையை மாத்துங்க.

டூட்டி சிஸ்டர்
எண்ணெய்ச் சண்டையை அப்புறம் வச்சுக்குவோம். முதல்ல அவசரமான சேதி.

வெண்ணாற்றுக்காரன், நேத்து ராத்திரின்னா இன்னும் நேரம் இருக்கு. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரோட எச்.ஐ.வி. நிலை தெரியலைன்னாலும் இன்னிக்கே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் ஏ.ஆர்.டி. மையம், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவு, எங்கேன்னு கேளுங்க. 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சு 28 நாள் விடாம சாப்பிட்டா தொற்றைத் தடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது. உங்களுக்கு அது தேவையா இல்லையான்னு அங்க முடிவு பண்ணுவாங்க. போறதுக்கு முன்னாடி 1097-க்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கலாம், கட்டணம் கிடையாது.

இப்ப எண்ணெய். சாதாரண ஆணுறை லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால். எண்ணெய் எதுவா இருந்தாலும் அதுக்குள்ள ஊறித் தளர்த்திடும். 1989-ல வெளிவந்த ஒரு ஆய்வுல மினரல் ஆயில் பட்ட ஒரே நிமிஷத்துல உறையோட வலு ஏறக்குறைய 90 சதவீதம் போயிடுச்சு. பேபி ஆயில் பாட்டில்ல இருக்கிறது அதே மினரல் ஆயில்தான். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், நெய், வாசலின், பாடி லோஷன் எல்லாத்தையும் அதே வரிசையில நிறுத்துங்க. செக்குல ஆட்டினதுன்னு ரப்பருக்குத் தெரியாது.

பின்வழிக்கு ஏன் இவ்வளவு பேச்சுன்னா, பெண்ணுறுப்புச் சுவர் பல அடுக்கு, தானாகவே ஈரமும் சுரக்கும். மலக்குடல்ல உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு செல்தான், உறவுக்குப் போதுமான ஈரமும் அங்க வராது. உரசினா கீறும், கீறினா கிருமிக்கு வழி. எச்.ஐ.வி. உள்ளவரோட உறை இல்லாம உறவு வச்சா, பின்வழியா வாங்கிக்கிறவருக்கு 10,000 தடவைக்கு 138 தடவை தொற்ற வாய்ப்புன்னு அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யோட கணக்கு. பெண்ணுறுப்பு வழியா வாங்கிக்கிறவருக்கு அது 8. (சிகிச்சையோ தடுப்பு மாத்திரையோ எடுக்காத நிலையில உள்ள கணக்கு.)

பட்டுக்கோட்டையான்
சரி சிஸ்டர், உறையோட எண்ணெய் கூடாதுங்கிறதை ஒத்துக்கிறேன். ஆனா நானும் வீட்டுக்காரியும் ரத்தப் பரிசோதனை முடிச்சவங்க, பன்னெண்டு வருஷமா வேற யாரும் கிடையாது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆயாச்சு. உறையே இல்லாத வீட்டுக்கு என்ன சட்டம்? கடையில விக்கிற, தண்ணியில செஞ்ச ஜெல்லை ஒரு தடவை வாங்கினோம். சித்திரை வெயில்ல ஃபேனைப் போட்டா ரெண்டு நிமிஷத்துல கோந்து மாதிரி ஒட்டுது.

மாயவரம் மைனர்
ஒட்டத்தான் செய்யும். அதுல இருக்கிற தண்ணி ஆவியாயிடுது, மிச்சம் பிசின்தான். அதுக்குத்தான் சிலிக்கான் ஜெல் இருக்கு. காயாது, தோல்ல இறங்காது, கொஞ்சம் விட்டாலே போதும், லேடெக்ஸுக்கும் எந்தச் சேதமும் இல்லை. உறை பாக்கெட்டைப் பிரிச்சதும் கையில வழுவழுன்னு வருதே, அதுவும் பெரும்பாலும் சிலிக்கான் திரவம்தான். அட்டையில டைமெத்திகோன், சைக்ளோமெத்திகோன்னு போட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். பின்வழிக்கு இதை விட்டா வேற இல்லை, விவாதம் முடிஞ்சது.

டூட்டி சிஸ்டர்
முடியலை மைனர். சிலிக்கான் நல்லதுதான். ஆனா விலை கூடுதல். சின்ன ஊர் மெடிக்கல்ல கேட்டா கவுண்டர்ல இருக்கிற பையன் முழிப்பான். சிலிக்கானால செஞ்ச பாலுறவுப் பொம்மை பயன்படுத்துறவங்களுக்கு அது பொம்மையையே கெடுத்துடும். சோப்புப் போட்டுத் தேய்க்காம போகாது. சிவப்பு சிமெண்ட் தரையில ரெண்டு சொட்டு விழுந்து, ராத்திரி பாத்ரூமுக்குப் போறப்ப வழுக்கினா இடுப்பு எலும்புதான்.

ஆளுக்கு ஏத்த மாதிரிதான் பதில். உறை உண்டுன்னா தண்ணி ஜெல் அல்லது சிலிக்கான், ரெண்டும் சரி. தண்ணி ஜெல் காய்ஞ்சா மேல ஜெல்லைக் கொட்டிக்கிட்டே போகாதீங்க, ரெண்டு சொட்டுத் தண்ணி தொட்டாலே மறுபடி இளகும்.

மாயவரம் மைனர்
தண்ணி ஜெல்லை இவ்வளவு தாங்குறீங்களே, உள்ளே இருக்கிற கிளிசரின் சமாச்சாரத்தை ஏன் சொல்லலை? உலக சுகாதார நிறுவனம் 2012-லயே சொன்னதுதானே.

டூட்டி சிஸ்டர்
சொல்றேன், கேட்டதுக்கு நன்றி. இது இந்த விஷயத்துலயே ரொம்பப் பேருக்குத் தெரியாத பகுதி.

பெரும்பாலான தண்ணி ஜெல்லுல கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ரெண்டும் கலந்திருக்கும், காயாம இருக்கறதுக்காக. அளவு மிஞ்சினா ஜெல் ரொம்பச் செறிவா ஆயிடும். உப்புல போட்ட மாங்காய் தண்ணியைக் கக்கிச் சுருங்குமே, அதே வேலையை இந்த ஜெல் மலக்குடல் செல்லுக்குச் செய்யும். அந்த ஒத்தை அடுக்கு உரிஞ்சு வரும். எரிச்சல், ஒடனே கக்கூசுக்குப் போகணும்போல இருக்கறது எல்லாம் இதனாலயும் வரலாம். இந்தச் செறிவுக்கு ஆஸ்மோலாலிட்டின்னு பேரு. நம்ம உடம்புத் திரவத்துல அது ஏறக்குறைய 290. ஜெல்லுல 380-க்குள்ள இருந்தா நல்லது, தற்போதைக்கு 1200-ஐத் தாண்டவே கூடாதுன்னு அந்த 2012 அறிவுரை. கடையில விக்கிற சில பிரபலமான ஜெல் அந்த 1200-ஐத் தாண்டிப் போகுது. பி.எச்., அதாவது புளிப்புத் தன்மையோட அளவு, பின்வழிக்கு 5.5-ல இருந்து 7 வரை இருக்கணும். பெண்ணுறுப்புக்குன்னு தயாரிச்சது 4.5 பக்கம் இருக்கும், இங்க அது சரியான பொருத்தம் இல்லை.

இந்த எண்ணை அட்டையில போடாத ஜெல்தான் கடையில அதிகம். அதனால உள்ளடக்கப் பட்டியலைப் படிங்க. தண்ணிக்கு அடுத்ததாவே கிளிசரின், கிளைக்கால்னு ஆரம்பிச்சா வேற எடுங்க. ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ்னு கெட்டிப்படுத்துற பொருள் முன்னாடி வந்தா நல்ல அறிகுறி. ஸ்ட்ராபெரி வாசனை, சூடேத்துறது, ஜில்லுன்னு இருக்கறது எதுவும் இந்த இடத்துக்கு வேண்டாம். நோனாக்சினால்-9-னு இருந்தா கீழே வச்சுடுங்க. அது விந்தணுவைக் கொல்றதுக்குச் சேர்க்கிறது, மலக்குடல் தோலை உரிக்கும், எச்.ஐ.வி. ஆபத்தைக் கூட்டும்.

சிலிக்கான்ல தண்ணியே இல்லாததால இந்தச் செறிவுப் பிரச்சினையும் இல்லை. அந்தப் புள்ளி மைனருக்கு.

மாயவரம் மைனர்
பணிவோட வாங்கிக்கிறேன்.

நல்லதுக்குச் சொல்றேன்
பொன்னி நதி பாயுற மண்ணுல உட்கார்ந்து பேசுற பேச்சா இது? இயற்கைக்கு மாறான செயல், சட்டப்படி குத்தம். 377 ஞாபகம் இருக்கட்டும்.

அரசலாறு
ஐயா, நீங்க சொல்ற சட்டப்பிரிவு செத்துப் புல்லு முளைச்சாச்சு. 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம், வயசு வந்தவங்க மனசொப்பி இருந்தா குத்தமில்லைன்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு. 2024 ஜூலை 1-ல வந்த புதுச் சட்டத்துல அந்தப் பிரிவே இல்லை. அது இருந்த காலத்துல புருஷன் பொண்டாட்டிக்கும் அது பொருந்தினதுதான், ஆண்களை மட்டும் சொன்னதில்லை. மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சான்னு கேட்கிற திரி பக்கத்துல இருக்கு, அங்க போங்க.

வலங்கைமான் வாசகன்
நீட்டி முழக்கிட்டே போறீங்க எல்லாரும். மெடிக்கல்ல லிக்னோகெய்ன் ஜெல்லின்னு கேளுங்க, யூரின் டியூப் போடுறதுக்கு ஆஸ்பத்திரியில தடவுறது. வழுக்கவும் செய்யும், மரத்தும் போகும். வலியே தெரியாது. என் வீட்டுக்காரி முதல்ல மாட்டேன்னுட்டு இருந்தா, இது வந்ததுக்கு அப்புறம் சண்டையே இல்லை.

அரசலாறு
வாசகன் சார், உங்க கடைசி வரியை நீங்களே இன்னொரு தடவை படிங்க. மாட்டேன்னு சொன்ன ஆளை மரக்க வச்சா அது சம்மதமா? சண்டை இல்லைங்கிறீங்க. அவங்க விரும்புறாங்கன்னு ஒரு இடத்துலயும் எழுதலையே.

எனக்கும் கல்யாணம் ஆகி வருஷம் ஆச்சு, கும்பகோணம். எங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு வந்தது. நான் விதிச்சது ஒண்ணுதான்: நான் நிறுத்துன்னா நிறுத்தணும், ஏன்னு கேட்கக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்ட பிறகுதான் எந்த ஜெல்லுங்கிற பேச்சையே எடுத்தோம்.

வலங்கைமான் வாசகன்
ஒடனே என்னை வில்லனாக்கிட்டீங்க. ஆஸ்பத்திரியில தடவுற மருந்து கெடுதலா?

டூட்டி சிஸ்டர்
கெடுதல் மருந்துல இல்லை, போடுற காரணத்துல. டியூப் போடறப்ப பக்கத்துல நர்ஸ் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. இங்க வலிதான் ஒரே காவலாளி. அதைத் தூங்க வச்சுட்டா கிழியறது தெரியாது, காலையில ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும். மலக்குடல் தோல் மருந்தை நல்லா இழுக்கும் வேற. பின்வழிக்குன்னே விக்கிற சில ஜெல்லுலயும் மரக்க வைக்கிற பென்சோகெய்ன், லிடோகெய்ன் (லிக்னோகெய்னோட இன்னொரு பேர்) சேர்த்திருக்கும், அட்டையைப் பாருங்க. அதிக நேரம் நீடிக்கும்னு விக்கிற ஆணுறையிலயும் உள்பக்கம் பென்சோகெய்ன் உண்டு. அது வெளியில கசிஞ்சா துணைக்கும் மரக்கும்.

வலி வந்தா பெரும்பாலும் அவசரம்தான் காரணம். ஆசனவாய்க்கு ரெண்டு வளையத் தசை. வெளி வளையம் நம்ம சொன்னபடி கேட்கும். உள் வளையம் கேட்காது, அதுவாத்தான் இளகணும், செத்த நேரம் ஆகும். பயந்தா இன்னும் இறுகும். எந்த விலை ஜெல்லும் அந்த நேரத்தைக் குறைக்காது.

திருத்துறைப்பூண்டி
கற்றாழைச் சோறு? கொல்லையில குமிஞ்சு கிடக்கு.

டூட்டி சிஸ்டர்
வேண்டாம். மடலை வெட்டினா மஞ்சளா ஒரு பால் வடியும், அதுல அலோயின் இருக்கு. பேதி மருந்தாப் பயன்படுத்தின பொருள் அது. கூடவே கொல்லை மண்ணோட கிருமியும். எச்சிலும் அப்படித்தான், நொடியில காயும், தொண்டையில கொனோரியாங்கிற பால்வினை நோய் இருந்தா அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஸ்கேன் ஜெல் தோல் மேல தடவத்தான், உள்ளுக்குள்ள இல்லை. ஷாம்பு, சோப்பு கேட்கவே கேட்காதீங்க.

திருத்துறைப்பூண்டி
மூலம் உள்ளவங்க?

டூட்டி சிஸ்டர்
மூலமோ வெடிப்போ ஆறுற வரைக்கும் எந்த ஜெல்லோடயும் வேண்டாம். ரத்தம் நிக்கலைன்னா, காய்ச்சல் அடிச்சா, வயித்துல கடுமையா வலிச்சா ஒடனே ஆஸ்பத்திரி. டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. மலச்சிக்கல்னு மறைச்சா மருந்தும் தப்பாத்தான் வரும்.

பட்டுக்கோட்டையான்
எல்லாம் சரி, எங்க வீட்டுக் கேள்விக்கு இன்னும் பதில் வரலை சிஸ்டர்.

டூட்டி சிஸ்டர்
மறக்கலைண்ணே. ரெண்டு பேரும் பரிசோதிச்சவங்க, வேற துணை இல்லை, உறை இல்லை, பொம்மை இல்லைன்னா தேங்காய் எண்ணெய் பெரிய பாவம் இல்லை. ஆனா சமையல் பாட்டிலுக்குள்ள விரலை விடாம தனிச் சின்னப் பாட்டில்ல ஊத்தி வைங்க. பின்பக்கம் பட்டது எதுவும் கழுவாம முன்பக்கம் போகக் கூடாது, அக்காவுக்கு யூரின் இன்பெக்ஷன் வரும். என்னைக்காவது உறை போடணும்னா எண்ணெய் பாட்டில் அந்த அறையிலயே இருக்கக் கூடாது.

பட்டுக்கோட்டையான்
அப்ப நான் சொன்னது பாதி சரி.

மாயவரம் மைனர்
கால்வாசி.

வெண்ணாற்றுக்காரன்
தஞ்சாவூர் போய்ட்டு வந்துட்டோம். மாத்திரை ஆரம்பிச்சாச்சு, அங்க யாரும் முகம் சுளிக்கலை. ஜெல்லை எங்க ஊர்ல வாங்கப் பயமா இருக்கு, கடைக்காரர் எங்க அப்பாவோட கூடப் படிச்சவர். ரெண்டு சந்தேகம்: ஆன்லைன்ல வாங்கினா அட்டையில பேர் தெரியுமா? அப்புறம், உறையிலயே வழவழப்பு இருக்கே, அதுக்கு மேல எவ்வளவு போடணும்?

மாயவரம் மைனர்
ஆன்லைன்ல பெரும்பாலும் மூடின அட்டைப் பெட்டியிலதான் வரும். இல்லைன்னா கும்பகோணம், தஞ்சாவூர்ல பெரிய மெடிக்கல்ல பாட்டில் ரேக்குலயே இருக்கும், எடுத்துக் கவுண்டர்ல வச்சா ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. டாப்பு உடையாம இருக்கா, காலாவதி தேதி என்னன்னு பாருங்க.

டூட்டி சிஸ்டர்
உறையில இருக்கிற வழவழப்பு பின்வழிக்குப் பத்தாது. 2022-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பின்வழி உறவுக்குன்னு முதல் தடவையா ஒரு ஆணுறைக்கு அனுமதி கொடுத்தப்பவே, உறைக்கு ஏத்த ஜெல்லும் சேர்த்துப் போடணும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. உறையை மாட்டின பிறகு வெளிப்பக்கம் தாராளமா, வாங்கிக்கிறவருக்கும் தாராளமா. உறைக்குள்ள அதிகமா விட்டுடாதீங்க, கழண்டு வரும். நடுவுல காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சா நிறுத்திட்டு மறுபடி தடவுங்க. 28 நாள் மாத்திரையை இடையில விடாதீங்க, அவங்க சொல்ற தேதியில மறுபரிசோதனைக்கும் போங்க. உங்க துணையும் டெஸ்ட் எடுத்தாரா?

வெண்ணாற்றுக்காரன்
எடுத்தாச்சு, நெகட்டிவ். உறை மட்டமான சரக்குன்னு மட்டும் இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார்.