ஆஸ்துமா இருக்குற பொண்ணோட வாகா வாகா பக்கம் குடியேறலாமா?

வணக்கம். 491 விசாவுல (தற்காலிக வேலை விசா) ஆஸ்திரேலியா வந்திருக்கோம், நியூ சவுத் வேல்ஸ் மாநில நாமினேஷன், பிஆருக்கு (நிரந்தரமா தங்குற அனுமதிக்கு) 3 வருஷம் ரீஜினல் ஏரியால, அதாவது சிட்னி மாதிரி பெரிய நகரத்துக்கு வெளிய இருந்து வேலை பாக்கணும். இப்போ வொல்லாங்காங்ல அண்ணன் வீட்ல இருக்கோம், இங்க தனியா வீடு எடுக்க வாடகை கட்டுப்படியாகல. வீட்டுக்காரருக்கு இதே மாநிலத்துல உள்ள வாகா வாகாங்கற ஊர்ல டிராக்டர் மெக்கானிக் வேலை கிடைச்சிருக்கு, சீக்கிரம் பதில் சொல்லணும்.

பிரச்சனை பொண்ணு உடம்புதான். 6 வயசு, ஆஸ்துமா. ஸ்கின் டெஸ்ட்ல ரை புல் மகரந்தம் வச்ச இடம் மட்டும் செவந்து தடிச்சுருச்சு. வாகால 1997 அக்டோபர்ல இடி மழை அடிச்சப்போ 200 பேருக்கு மேல மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களாம், ஈரத்துல மகரந்தம் வெடிச்சு தூளாகி நேரா நுரையீரலுக்குள்ள போயிருமாம், அத படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல.

டாக்டர் பிரிவென்டர் பஃப்பர் (இளைப்பு வராம தடுக்க தினமும் உறிஞ்சுற மருந்து), அத உறிஞ்ச உதவுற ஸ்பேசர் குழாய், இளைப்பு வந்தா என்ன செய்யணும்னு எழுதின ஆக்‌ஷன் பிளான் எல்லாம் குடுத்துட்டாங்க, ஆனா ஊர் நீங்கதான் முடிவு பண்ணணும்னுட்டாங்க. ஜூலைல வாகா போய் பாத்தோம், நல்லாத்தான் இருந்தா, ஆனா அது பனிக்காலம், புல்லே பூக்காது. ஜூனிங்கற சின்ன ஊரு வாகாவுக்கு பக்கத்துலயே இருக்கு, வீடும் கிடைக்குது, ஆனா சுத்தியும் கோதுமை, கனோலா (எண்ணெய் வித்துப் பயிர்) வயல். டூமட்ங்கற இன்னொரு ஊரு மலையடிவாரம், ஆனா வேலைக்கு 100 கிலோமீட்டர் கிட்ட ஓட்டணும், குளிர் வேற. அங்க தெரிஞ்ச தமிழ் குடும்பங்கள கேட்டா அவங்க வீட்ல யாருக்கும் ஆஸ்துமா இல்ல.

இளைப்பு இருக்குற குழந்தையோட அக்டோபர், நவம்பர்ல இந்த 3 ஊர்ல எதுலயாவது இருந்தவங்க இருக்கீங்களா, எந்த ஊர்ல சமாளிக்க முடிஞ்சுது?