பொருள்: மறு: ஷாக்வேவ் - அதிர்வலையா, இடியலையா?

[கால்நடை மருத்துவர், நாமக்கல்]
வணக்கம். விலங்குகளின் முதுகுத்தண்டு டிஸ்கில் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) ஷாக்வேவ் சிகிச்சை, அதாவது வெளியிலிருந்து உடலுக்குள் வலிய ஒலியலையைச் செலுத்துவது, என்ன செய்கிறது என்ற பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் கொடுத்தாக வேண்டும். 'அதிர்ச்சி அலை' என்று எழுதினேன். டாஷ்ஹண்ட் வளர்க்கும் ஒருவர் படித்துவிட்டு, "நாய்க்கு கரண்ட் ஷாக் வைப்பீங்களா டாக்டர்?" என்கிறார். நல்ல சொல் தாருங்கள். டிஸ்குக்கும் சேர்த்து.

[தமிழாசிரியர், தஞ்சாவூர்]
'அதிர்வலை' இருக்கிறதே ஐயா. "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்" என்பது தொல்காப்பிய உரியியல். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

[இயற்பியல் பேராசிரியர்]
அந்த நடுக்கம்தான் எனக்குச் சிக்கல். நடுக்கம் என்றால் திரும்பத் திரும்ப ஆடுவது. இதுவோ நானோ நொடிகளில் பல மெகாபாஸ்கலுக்குத் தாவும் ஒற்றை அழுத்தம். பின்னாலேயே எதிரழுத்தம் வரும். அதில் நுண்குமிழ்கள் தோன்றி வெடிக்கும். மசாஜ் கருவிக்குத்தான் அதிர்வு பொருந்தும். 'இடியலை' என்பேன். மின்னல் பாய்ந்த காற்று சட்டென்று சூடாகி விரிவதால் எழும் இடியே ஓர் ஷாக்வேவ்தான். உரலில் இடிப்பதும் அதே வேர்.

[தமிழாசிரியர்]
இடி, இடர், இடறு மூன்றையும் ஒரே வேரில் வைத்துப் பார்க்கலாம். தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

[கால்நடை மருத்துவர்]
ஐயா, வெள்ளிக்கிழமை! "உங்கள் நாயின் முதுகில் இடி" என்று நான் எப்படிச் சொல்வேன்?

[மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்]
1980இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்க வந்த அலைதானே இது? கல்லுக்கு அதிர்வலை என்று எழுதிவிட்டு முதுகுக்கு வேறு சொல் போட்டால் வாசிக்கிறவர் குழம்பிப்போவார். டிஸ்குக்கு 'இடைத்தட்டு' போதும். எங்கட பக்கம் முள்ளந்தண்டு என்றுதான் சொல்லுவம். 'முள்ளந்தண்டு இடைத்தட்டு' எல்லாருக்கும் விளங்கும்.

[வாசகர், மதுரை]
ஊரில் 'ஜவ்வு விலகிடுச்சு' என்றுதானே சொல்கிறோம்?

[கால்நடை மருத்துவர்]
சவ்வு மென்படலம் அம்மா. இது வெளியே நார்வளையம், உள்ளே கூழ். இரத்தக்குழாய் அநேகமாக எட்டாத திசு, அதனால்தான் ஆறுவது கடினம். இன்னொன்று: முயல், எலியின் கூழில் முதுகுநாண் செல்கள் (கருவிலேயே தோன்றுபவை) வளர்ந்த பிறகும் தங்கியிருக்கும், டாஷ்ஹண்டுக்கு இளமையிலேயே மறைந்துவிடும். அதனால் முயலில் கண்ட பலனை அப்படியே நாய்க்குச் சொல்லக் கூடாது. எனக்குச் சொல்லைவிட இந்த வரி பிசகாமல் போக வேண்டும். அதிர்வலை, இடைத்தட்டு என்று முடித்துக்கொள்கிறேன்.

[தமிழாசிரியர்]
வழிமொழிகிறேன்.

[இயற்பியல் பேராசிரியர்]
பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஷாக்வேவ் என்ற பெயரிலேயே வரும் இன்னொரு வகையான ரேடியல் கருவியில் காற்றழுத்தம் ஒரு சிறு குண்டைத் தள்ளி முனையில் மோதவைக்கிறது. அழுத்தம் மெதுவாக ஏறுகிறது. இயற்பியலில் அது ஷாக்வேவே அல்ல. அதற்கு 'அழுத்த அலை' என்று பிரித்து எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போடுவதானால் நன்றியுரையில் என் பெயர் வேண்டாம்.