வெள்ளி கறுக்கிறது, கவரிங் கழுத்தைப் பச்சையாக்குகிறது: எந்த உலோகம் வாங்கலாம்?

கேள்வி (பூம்பாறை, கொடைக்கானல் மலை)

வணக்கம். எங்களுக்குப் பூண்டு விவசாயம். அறுவடைக் காலத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தாள் அறுத்து, வேர் கிள்ளி, தரம் பிரிப்பது என் வேலை. கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளி மோதிரம் நான்கே நாளில் மஞ்சளடித்து, இப்போது அடுப்புக்கரி போல இருக்கிறது. கொலுசைப் பழைய ஸ்வெட்டர் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். காலில் போடாமலே அதுவும் கறுத்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறார் அத்தை. கவரிங் சங்கிலி போட்டால் கழுத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுகிறது.

என்னை அதிகம் வருத்துவது மகளின் காது. ஒன்பது வயது. திருவிழாக் கடையில் வாங்கிய வெள்ளை நிறக் கம்மலைப் போட்ட இரண்டாம் நாளே காதுச் சோணை சிவந்து நீர் வடிந்தது. கழற்றினால் ஆறுகிறது, மாட்டினால் திரும்ப வருகிறது. பவுன் விற்கும் விலையில் நான் எதை வாங்குவது?

பதில் 1 (பழனி, வெள்ளிப் பட்டறை)

அம்மா, வெள்ளி கறுத்ததை வைத்துக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. சுத்த வெள்ளியும் கறுக்கும். பூண்டில் கந்தகம் அதிகம். அது வெள்ளியோடு சேர்ந்து கறுப்பாகப் படிகிறது. மலையின் ஈரக்காற்று அதை விரைவாக்கும். தரத்தைப் பார்க்க 925 முத்திரையைத் தேடுங்கள்: ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. கொலுசு கறுத்ததற்குக் காரணம் ஸ்வெட்டர் துணி. கம்பளியிலும் கந்தகம் உண்டு. பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பாலிதீன் உறையில் போட்டு வையுங்கள். பூண்டில் கை வைக்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

பதில் 2 (கொடைக்கானல், வேதியியல் ஆசிரியர்)

கறுத்ததைத் தேய்க்காதீர்கள், வெள்ளி தேயும். பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, நகை அதைத் தொடும்படி வைத்து, ஒரு கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிநீரை ஊற்றுங்கள். கந்தகத்தை அலுமினியம் பறித்துக்கொள்ளும், வெள்ளி மீண்டும் வெள்ளியாகும். கல் பதித்த நகைக்கு இது வேண்டாம்.

கழுத்துப் பச்சை வேறு கதை. கவரிங்கில் முலாம் தேய்ந்த இடத்தில் அடியில் உள்ள செம்பு வியர்வையோடு சேர்ந்து பச்சை உப்பாகிறது. சோப்புப் போட்டால் போய்விடும், பயம் வேண்டாம்.

பதில் 3 (குன்னூர், செவிலியர்)

குழந்தையின் காதை மற்ற இரண்டோடும் சேர்த்துப் பார்க்காதீர்கள். நீங்கள் சொல்வது நிக்கல் ஒவ்வாமை போல இருக்கிறது. மலிவான வெள்ளை நிறக் கம்மல்களில் நிக்கல் பூச்சு சகஜம். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். பழகிவிடும் என்று மறுபடி மாட்டிப் பார்க்காதீர்கள். நீர் வடிவது நிற்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காது ஆறிய பிறகு டைட்டானியம் கம்மல் போடலாம். அதில் நிக்கல் பயம் இல்லை, கறுக்கவும் கறுக்காது. ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று விற்கும் 316எல் எஃகிலும் நிக்கல் இருக்கிறது. மேலே படியும் குரோமியம் ஆக்சைடு அதை வெளியே விடாமல் பெரும்பாலும் காக்கும். உங்களுக்கு அது போதும். ஏற்கெனவே புண்பட்ட காதுக்கு நான் சொல்லமாட்டேன்.

கேட்டவர்

கொலுசைச் சோடா நீரில் போட்டேன். அழுகிய முட்டை வாடை வந்தது, பயந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சலங்கையின் இடுக்குகள்வரை வெளுத்துவிட்டன! அத்தையிடம் காட்டினேன், கடைக்காரரை இனித் திட்டமாட்டார். மகளுக்குப் பவுனிலேயே சின்னக் கம்மல் எடுத்தால் ஒவ்வாதா?

பதில் 1

எடுக்கலாம் அம்மா. 22 காரட் மஞ்சள் பவுனில் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி வழக்கமாகச் செம்பும் வெள்ளியும்தான். வெள்ளைத் தங்கம் மட்டும் வேண்டாம், சிலவற்றில் நிக்கல் கலப்பார்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அதனால் காரட்டும் எடையும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். திருகாணியும் பவுன்தானா என்று பார்க்க மறக்காதீர்கள். பல நேரம் காதைக் கெடுப்பது அதுதான்.