அப்டேட்: படகுல லித்தியம் பேட்டரி போட்டதும் ஆல்டர்னேட்டர் கொதிச்ச பிரச்சனை தீந்துருச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, தொண்டியில நிக்கிற மச்சானோட படகுல பழைய லெட் ஆசிட் பேட்டரியைத் தூக்கிட்டு 12 வோல்ட் 100 ஆம்ப் ஹவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி போட்டோம், அரை மணி ஓட்டுனா ஆல்டர்னேட்டர்ல (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஜெனரேட்டர்) கை வைக்க முடியல, பெல்ட் கருகுற வாசனை வருதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

வேலைக்கு ஆனது, ஆல்டர்னேட்டருக்கும் லித்தியத்துக்கும் நடுவுல டிசி டிசி சார்ஜர் (லித்தியத்துக்குப் போற கரண்டை ஒரு அளவோட நிறுத்துற பெட்டி) போடுங்கன்னு ஒரு அண்ணன் சொன்னதுதான். லித்தியத்துக்கு உள்தடை கம்மி, குடுக்குற கரண்டை எல்லாம் உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஆல்டர்னேட்டர் மூச்சு விடாம ஓடி சூடாயிருது. இப்ப ஸ்டார்ட்டிங்குக்கு பழையபடி லெட் ஆசிட், ஆல்டர்னேட்டர் அதுக்குதான் போகுது, அங்கேருந்து 30 ஆம்ப் சார்ஜர் வழியா லித்தியத்துக்கு. லித்தியத்துக்குள்ள இருக்குற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்குற சர்க்யூட்) திடீர்னு கட் ஆனாலும் ஆல்டர்னேட்டர் டயோடு அடி வாங்காது, அது தனி லாபம். ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு தொட்டுப் பாத்தேன், சூடு இருக்கு ஆனா கை நிக்குது.

எதிர்பாக்காதது என்னன்னா, பிரிச்சுப் பாத்தா பேட்டரி பாசிட்டிவ் ஒயர்ல மெயின் ஃபியூஸே இல்ல! லக்கை (ஒயர் முனைல மாட்டுற உலோக வளையம்) கட்டிங் பிளேயர்ல நசுக்கி விட்டிருக்காங்க, உப்புக்காத்துல பச்சை பூத்து, பக்கத்துல ஒயர் தோல் இளகிப் போயிருந்துச்சு. காரைக்குடில ஈயம் பூசுன ஒயர் வாங்கி, லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல்ல அடிச்சு, பேட்டரி டெர்மினல்லேருந்து ஒரு சாண்குள்ள ஃபியூஸ் போட்டாச்சு. "ஃபியூஸ் எதுக்கு மாப்ள"ன்னு கேட்ட மச்சான் அந்த ஒயரைப் பாத்ததும் வாயே திறக்கல.

சார்ஜர் லெட் ஆசிட் மோடுல வந்துச்சு, லித்தியத்துக்கு மாத்தணும், மறந்துறாதீங்க.