ஒகாயோவில் வாங்கிய பழைய கோல்ட் ரிவோல்வரை ஒன்ராறியோவுக்குக் கொண்டுவருவது எப்படி?

வினா (ஸ்காபரோவிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பழைய இயந்திர நுட்பங்களில் நெடுநாள் ஈடுபாடு கொண்டவன் நான். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஒரு பழம்பொருள் கடையில், கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1877 மாதிரி ரிவோல்வர் ஒன்றுக்கு முற்பணம் கட்டியிருக்கிறேன். அதன் குழல்துளை அளவு .41 (அங்குலக் கணக்கில்). தொடரிலக்கத்தின்படி அது 1892இல் செய்யப்பட்டது என்றும், 1898 வரை செய்யப்பட்டவை சட்டப்படி தொல்பொருள் என்பதால் எந்தப் பத்திரமும் இல்லாமல் காரில் வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்றும் கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். என்னிடம் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் இல்லை. சுடும் எண்ணமும் இல்லை. கண்ணாடிப் பேழையில் வைக்கவே விரும்புகிறேன். அதே கடையில் அதே மாதிரியில் .38 அளவுள்ள இன்னொன்று சற்றுக் குறைந்த விலைக்கு இருக்கிறது. எதை எடுப்பது, பஃபலோ வழியாகப் பீஸ் பாலத்தைக் கடந்து வரும்போது என்ன காட்டுவது என்று அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

மறுமொழி (மிசிசாகாவிலிருந்து)

வணக்கம். முதலில் .38ஐ மறந்துவிடுங்கள். கடைக்காரர் சொன்ன 1898, அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கணக்கு. அதில் 1898ஆம் ஆண்டும் அடங்கும். கனடாவிலோ 1898ஆம் ஆண்டுக்கு முன்பே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதோடு, எந்த ரவையைச் சுடக்கூடியது என்பதையும் பார்ப்பார்கள். இன்றும் எளிதில் கிடைக்கும் சில ரவைகளை எமது ஒழுங்குவிதி பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது: .38 லோங் கோல்ட், .44-40, .45 கோல்ட் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன; .41 இல்லை. ஆகவே ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில், ஒரே மாதிரியில் செய்யப்பட்ட இரண்டு ரிவோல்வர்களில் ஒன்று கனடாவில் தொல்பொருளாகவும் மற்றது சாதாரணக் கைத்துப்பாக்கியாகவும் கருதப்படும். சாதாரணக் கைத்துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்யும் வழி 2022 ஓகஸ்ட்டிலும், இங்கே வாங்கும் வழி அதே ஆண்டு ஒக்டோபர் 21இலும் அடைக்கப்பட்டுவிட்டன.

.41 என்பதையும் சொல்லை நம்பி ஏற்காதீர்கள். குழலின் இடப்பக்கத்தில் அளவு பொறிக்கப்பட்டிருக்கும்; அதை நீங்களே பாருங்கள். நூறாண்டுக்கு மேல் கைமாறிய பொருளில் குழலையோ உருளையையோ எவராவது மாற்றியிருந்தால், அது இன்று எந்த ரவையை ஏற்கிறது என்பதே கணக்கு. இந்த மாதிரியின் உள்விசை மிக நுட்பமானது, எளிதில் பழுதாவது. அதனால் பழுதுபார்த்தவர் கை படாதது அரிது.

மறுமொழி (வின்சரிலிருந்து)

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் நீங்கள் பெரிதும் கவனிக்க வேண்டிய இடம் அமெரிக்காவை விட்டு வெளியேறும் இடம். அங்கே மூன்றாவதாக ஓர் ஆண்டு இருக்கிறது. அமெரிக்க வணிகத் திணைக்களத்தின் ஏற்றுமதி விதிகள் 1890ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளை மட்டுமே தொல்பொருளாக ஏற்கின்றன. உங்கள் ரிவோல்வர் 1892இல் செய்யப்பட்டது என்றால், ஒகாயோவில் வாங்கும்போதும் ஒன்ராறியோவில் வைத்திருக்கும்போதும் தொல்பொருளாக இருக்கும் அதே பொருள், எல்லையைத் தாண்டும் அந்த நேரத்தில் மட்டும் உரிமம் வேண்டிய துப்பாக்கியாகிவிடும். கனடாவுக்கு அனுப்புவதற்கும் அந்த ஏற்றுமதி உரிமம் வேண்டும். கடைக்காரர் உள்நாட்டில் மட்டும் விற்றுப் பழகியவராக இருந்தால் இது அவருக்குத் தெரிந்திருக்காது. ஏற்றுமதியில் பழக்கமுள்ள வணிகர் ஒருவர் மூலம் உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதற்கான செலவு யாருடையது என்பதை மீதிப் பணம் கட்டுமுன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

நீங்களே காரில் எடுத்துவரும் யோசனையை அருள்கூர்ந்து கைவிடுங்கள். பஃபலோ நியூயோர்க் மாநிலத்தில் இருக்கிறது. அந்த மாநிலம் தொல்பொருளை ஆண்டை வைத்து வரையறுப்பதில்லை. குழலின் வாய்வழியே வெடிமருந்து இடும் பழைய வகையா, இல்லையென்றால் அதன் ரவை இன்று வழக்கமான வணிகத்தில் கிடைக்காததா என்று பார்க்கிறது. கூட்டாட்சிச் சட்டத்தில் துப்பாக்கியே அல்லாத ஒரு பொருளுக்காக அங்கே நீங்கள் குற்றவாளியாக நிற்க நேரிடலாம்.

வினா எழுப்பியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. முற்பணத்தோடு நின்றது நல்லதாயிற்று. இன்று தொலைபேசியில் பேசினேன்; உரிமம் வரும்வரை பொருளை எனக்காக ஒதுக்கி வைக்கக் கடைக்காரர் இணங்கியிருக்கிறார். இனி இரண்டு ஐயங்கள். செய்யப்பட்ட ஆண்டுக்குத் தொடரிலக்கம் மட்டும் போதுமா? பெட்டியோடு ஐந்து பழைய ரவைகளும் தருகிறாராம். அவற்றையும் காட்சிக்கு வைக்கலாமா?

மறுமொழி (மிசிசாகாவிலிருந்து)

தொடரிலக்கப் பட்டியலின் அச்சுப்பிரதி உதவும். ஆனால் கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு கட்டணம் பெற்றுக்கொண்டு தரும் கடிதமே வலுவான சான்று. அதில் குறிப்பிட்ட தொடரிலக்கம் தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்ட நாள் இருக்கும். அந்த நாள் 1898க்கு முன்னதாக இருந்தால், செய்யப்பட்டது அதற்கும் முன்பே என்பதில் வாதமே எழாது. கடிதம், விற்பனைச் சீட்டு, ஏற்றுமதி உரிமத்தின் பிரதி, தொடரிலக்கமும் குழலின் எழுத்தும் தெளிவாகத் தெரியும் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, கனடிய எல்லைச் சேவையிடம் கைத்துப்பாக்கி என்றே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். "பழம்பொருள்", "அலங்காரப் பொருள்" என்று மழுப்பி எழுத எவரையும் விடாதீர்கள். பறிமுதலுக்கு அது ஒன்றே போதும். நூறாண்டு கடந்த தொல்பொருளுக்குச் சுங்கத் தீர்வை இல்லை என்றாலும், ஒன்ராறியோவில் வசிப்பவர் என்பதால் 13 விழுக்காடு விற்பனை வரி கட்ட வேண்டியிருக்கும்.

இங்கே வந்தபின் அதற்கு அனுமதிப்பத்திரமோ பதிவோ தேவையில்லை. ஆனால் எங்காவது எடுத்துச் செல்லும்போது ரவையின்றி, உள்ளே இருப்பது வெளியில் தெரியாத, பூட்டிய உறுதியான பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும்.

அந்த ஐந்து ரவைகளையும் கடையிலேயே விட்டுவிடுங்கள். தொல்பொருள் என்ற சலுகை ரிவோல்வருக்குத்தான். ரவைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அது உங்களிடம் இல்லை.