சத்தம் ஹவுஸ் விதியின்கீழ் கேட்டதைத் தமிழில் எழுதலாமா?

கேள்வி (முதுநிலை மாணவர், லண்டன்)

பன்னாட்டு உறவுகள் துறையில் முதுநிலை படித்து வருகிறேன். சென்ற வாரம் எங்கள் துறைக்கு, [கேட்டவரின் வேண்டுகோளின்படி ஆறு சொற்கள் நீக்கப்பட்டன] ஆட்சித் தலைவராக இருந்து விலகிய ஒருவர் வந்து உரையாற்றினார். முதல் நாற்பது நிமிடங்கள் அவர் பேசியது, ஏற்கெனவே பல மேடைகளில் பேசியதுதான். கேள்வி நேரம் தொடங்குமுன், தலைமை வகித்த பேராசிரியர் "இனிமேல் சத்தம் ஹவுஸ் விதி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஒளிப்பதிவை நிறுத்தச் செய்தார். விருந்தினர் சிரித்தபடி, தம் முன்னால் இருந்த பெயர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

முப்பது பேருக்கு மேல் இல்லாத அந்த அறையில் எனக்கும் ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தது. சொந்த அமைச்சரவையையே இணங்கவைக்க முடியாமல் அவர் எடுத்த முடிவு எது என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ பத்து நிமிடங்கள், எந்த நேர்காணலிலும் நான் படித்திராத ஒரு நிகழ்வை அவர் விவரித்தார். அதை ஒரு கட்டுரையாகத் தமிழில் எழுத விரும்புகிறேன். பெயரைச் சொல்லாமல் நாட்டை மட்டும் குறிப்பிட்டால் போதுமா? தமிழில் எழுதுவதை அங்கிருந்தவர்கள் எவரும் படிக்கப் போவதில்லை என்பதால் இவ்வளவு தயங்கத் தேவையில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

மறுமொழி 1 (கருத்தரங்க ஒருங்கிணைப்பாளர்)

நண்பரே, எழுதலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் வடிவில் அல்ல. இவ்விதியை வகுத்தது, 1920இல் தொடங்கப்பட்டு லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் இயங்கிவரும் பன்னாட்டு விவகாரங்களுக்கான அரச நிறுவனம். அது இயங்கும் ‘சத்தம் ஹவுஸ்’ என்ற கட்டடத்தின் பெயரே நிறுவனத்துக்கும் விதிக்கும் வழங்குகிறது. (வாயைக் கட்டுவதற்கான விதிக்குத் தமிழில் ‘சத்தம்’ என்று பெயர் அமைந்துவிட்டது தற்செயல்தான்.) 1927இல் எழுதப்பட்ட விதி 1992இலும் 2002இலும் திருத்தப்பட்டது. பலரும் ‘விதிகள்’ என்று பன்மையில் சொன்னாலும், இருப்பது ஒரே ஒரு விதிதான். கூட்டத்தில் கிடைத்த தகவலைப் பயன்படுத்திக்கொள்ள வந்திருந்தவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பேசியவர் யார், எந்த அமைப்பைச் சார்ந்தவர் என்பதையோ, அங்கிருந்த வேறு எவருடைய அடையாளத்தையோ வெளியிடக் கூடாது.

ஆகவே, கேட்டதை வெளியே எடுத்துச் செல்லவே கூடாது என்ற தடை இது அன்று. சொல்லப்பட்டது பயன்பட வேண்டும், சொன்னவர் மறைந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். கூட்டம் முழுவதற்கும் என்றில்லாமல் ஒரு பகுதிக்கு மட்டும் இதைப் பொருத்தலாம் என்று விதியின் வாசகமே இடம் தருவதால், உங்கள் பேராசிரியர் செய்தது முறையானதுதான். இது சட்டமன்று, மீறினால் நீதிமன்றத்துக்கு எவரும் இழுக்கப் போவதில்லை. ஆனால் அடுத்த முறை அந்த அறைக்குள் உங்களை அழைக்க மாட்டார்கள். மாணவருக்கு அது சிறிய இழப்பன்று.

மறுமொழி 2 (மொழிபெயர்ப்பாளர்)

மேலே உள்ளவர் விதியைச் சரியாகச் சொல்லிவிட்டார். உங்கள் வழக்கில் உள்ள சிக்கலை நான் சொல்கிறேன். உரையின் முதற்பகுதி வெளிப்படையானது. விருந்தினரின் பெயர் துறையின் அறிவிப்பில் இருந்திருக்கும். அப்படியானால், ‘சென்ற வாரம் எங்கள் துறையில் கேள்வி நேரத்தில் சொன்னார்’ என்று எழுதிய கணமே பெயரையும் எழுதிவிட்டீர்கள் என்றுதான் பொருள். நாட்டைக் குறிப்பிடுவது அதைவிட மோசம். உயிரோடிருக்கும் முன்னாள் தலைவர்கள் ஒரு நாட்டுக்கு எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? உங்கள் கேள்வியின் இரண்டாவது வாக்கியத்தில் உள்ள ஆறு சொற்களை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மட்டுறுத்துநரிடம் சொல்லி முதலில் அவற்றை நீக்குங்கள்.

தமிழில் எழுதினால் யாருக்கும் தெரியாது என்ற வாதத்தை, இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில், என்னால் ஏற்க முடியாது. எந்த மொழியில் உள்ள பக்கத்தையும் ஒரு சொடுக்கில் மொழிபெயர்த்துப் பார்க்கிறார்கள். அது ஒருபுறம் இருக்க, கொடுத்த வாக்கு மொழிக்கு மொழி மாறுமா?

மறுமொழி 3 (வரலாற்று ஆய்வாளர்)

விதியைக் காப்பதிலேயே எல்லோரும் கவனமாக இருப்பதால், ஒரு மாற்றுக் கருத்து. இப்போது தொட்டதற்கெல்லாம் இவ்விதியை அழைக்கிறார்கள். பதவியில் இருக்கும் அதிகாரிக்கு இது தேவை. தம் அரசின் நிலைப்பாட்டிலிருந்து விலகி அவர் வேறு எப்படிப் பேச முடியும்? பதவியிலிருந்து இறங்கியவர் மனம் திறந்து பேசுவதைப் பெயரின்றி எழுதினாலோ, சரிபார்க்கவே முடியாத ஒரு தரப்புக் கதை உலவத் தொடங்குகிறது.

அந்நிறுவனத்திலேயே இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தி, 1931 அக்டோபர் 20 அன்று அங்கே பேசினார். ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்று அவர் கூறியதற்கு, டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த ஃபிலிப் ஹார்டாக் சான்று கேட்டார். அக்கேள்வி அந்த மாலையோடு முடியவில்லை. இருவருக்குமிடையே ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் சென்றுவந்தன, காந்தி சிறையிலிருந்தும் எழுதினார். விதி அப்போதும் நடைமுறையில் இருந்தது. ஆயினும் அவ்வுரை பெயருடனேயே அச்சானது. பெயர் இருந்ததால்தான் அக்கூற்றைப் பிற்காலத்தவர் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு வாதாட முடிந்தது.

எனவே, தம்பி, கேட்டதை மறைத்து எழுதுவதைவிட, பெயரோடு எழுத ஒப்புதல் கேளுங்கள். சொன்னவரே தம் சொற்களை விடுவித்துவிட்டால் தடை ஏதுமில்லை. கேட்கும்போது, நீங்கள் மேற்கோளாகக் காட்டவிருக்கும் வாக்கியங்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். ‘உங்கள் உரையைப் பற்றி எழுதலாமா’ என்ற பொதுவான வேண்டுகோளுக்கு அவர்களின் அலுவலகம் மறுப்பையே அனுப்பும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அந்த ஆறு சொற்களையும் நீக்கச் செய்துவிட்டேன். எழுதும்போது அவை உறுத்தவே இல்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான்கு வாக்கியங்களை எடுத்தெழுதிப் பேராசிரியர் வழியாக அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. இரண்டைப் பெயரோடு வெளியிடலாம். மூன்றாவதில் ஒரு சொல்லைத் திருத்தியிருக்கிறார். அமைச்சரவையில் உடனிருந்தவரைப் பற்றிய நான்காவது வேண்டாமாம், அவர் உயிரோடிருக்கிறார் என்பதே காரணம். நான் கட்டுரையைத் தொடங்கியிருந்தது அந்த நான்காவது வாக்கியத்தில்தான். இனி மூன்றாவதிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.